கலத்தின் கதவும் உயிர்காக்கும் நீரும்

(தமிழாசிரியர், குறிகட்டுவான்)

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே "கோதாரி" என்றொரு சொல் உண்டு. குழப்படி செய்யும் பிள்ளையை வைகின்ற தாயும், வெறும் வலையுடன் கரை திரும்பித் தன் விதியை நொந்துகொள்கின்ற கடற்றொழிலாளியும் இச்சொல்லையே வாயில் எடுப்பர். ஆயினும் அதன் பொருளை எண்ணிப் பேசுவார் இன்று அரியர். கோதாரி என்பது கொள்ளைநோய், சிறப்பாக வாந்திபேதி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்நோய் குடாநாட்டைப் பலமுறை தாக்கியது. காலையில் நலமாயிருந்தவர் மாலையில் இல்லை என்னும் நிலையை நம் முன்னோர் கண்ணாற் கண்டனர். அந்த அச்சம் வசைச் சொல்லாக உறைந்து நம் நாவிலே தங்கிவிட்டது. நோயோ தன் பழைய வலிமையை இழந்துவிட்டது.

அவ்வலிமையை இழக்கச் செய்தது யாது? பொன்னும் மணியும் சேர்ந்த அரிய மருந்தா? அன்று. உப்பும், சீனியும், கொதித்தாறிய நீருமே. நம் அடுக்களையிலே என்றும் இருந்த இம்மூன்றும் மருந்தாவதற்கு, மனிதர் முதலில் உடம்பின் மிகச் சிறிய கூறாகிய கலத்தையும், அதனினும் சிறிய மூலக்கூற்றையும் அறியவேண்டியிருந்தது. அந்த வரலாற்றையே இங்கு எழுதப் புகுகின்றேன்.

விழா மலரிலே தமிழாசிரியன் இலக்கியம் எழுதாது மருத்துவம் எழுதுவது என்னை என்று வினவுவார் உளராயின், அவர்க்கு என் விடை இது: எழுத்தறிந்தே சொல்லறிதல் வேண்டும், சொல்லறிந்தே பொருளறிதல் வேண்டும். ஓரெழுத்து மாறினாற் பொருள் மாறும் என்பதை நாடோறும் வகுப்பறையிற் கற்பிப்பவனுக்கு, மூலக்கூறு ஒன்று மாறினால் உடம்பு மாறும் என்பது அயலான செய்தியன்று.

கலம் என்னும் கருத்து

நம் உடம்பு ஏறத்தாழ 30 இலட்சம் கோடி கலங்களால் ஆயது. செடிகளும் விலங்குகளும் கலங்களால் ஆக்கப்பட்டவை என்னும் கொள்கையை 1838, 1839ஆம் ஆண்டுகளிலே செருமனியரான சிலைடன், சுவான் என்னும் இருவர் நிறுவினர். 1858ஆம் ஆண்டிலே உருடோல்பு விர்ச்சோ என்னும் பேராசிரியர், நோய் என்பது உடம்பு முழுவதையும் பற்றிய ஏதோ ஒரு கேடு அன்று, கலங்களிலே நிகழும் மாற்றமே என்று எடுத்துரைத்தார். மருத்துவத்தின் போக்கைத் திருப்பிய கருத்து இது. "இந்நோய் எத்தகையது?" என்று கேட்டு வந்த மருத்துவர், "எந்தக் கலத்திலே, என்ன பிழைத்தது?" என்று கேட்கத் தொடங்கினர்.

அதே காலத்திலே நமது மானிப்பாயிலும் ஒரு பெருமுயற்சி நடந்துகொண்டிருந்தது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் இரண வைத்திய நூலையும் இரசாயன நூலையும் தமிழாக்கினார். விர்ச்சோ கலத்தைப் பற்றி எழுதிய நாட்களிலே, உடம்பின் உறுப்புக்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் பணி யாழ்ப்பாணத்தில் நடந்தது என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

நீர் வற்றி இறக்கும் நோய்

வாந்திபேதி கண்டவர் இறப்பது ஏன்? 1831ஆம் ஆண்டு இங்கிலாந்திலே இந்நோய் பரவியபோது, இளம் மருத்துவரான ஓஷானசி நோயாளரின் இரத்தத்தை இரசாயன முறையாற் சோதித்தார். இரத்தம் நீரையும் உப்பையும் இழந்து தடித்திருந்தது. அடுத்த ஆண்டே தோமஸ் லாற்றா என்னும் ஸ்கொத்துலாந்து மருத்துவர், உப்புநீரை நோயாளரின் நாளத்தினுட் செலுத்திச் சிலரைப் பிழைப்பித்தார். எனினும் தூய்மை காக்கும் வழி அறியப்படாத காலம் அது. அம்முறை விரைவிற் கைவிடப்பட்டது. நோயாளருக்கு இரத்தம் வடித்தலும் பேதி கொடுத்தலுமாகிய பழைய முறைகளே தொடர்ந்தன. நீரிழந்து சாகின்றவனிடமிருந்து மேலும் நீரை வாங்கிய கொடுமை இது.

நோய்க்குக் காரணமான கிருமியை 1854இல் இத்தாலியரான பசீனி நுணுக்குக்காட்டியிற் கண்டார். 1884இல் றொபேட் கொக் கல்கத்தாவிலே அதனைத் தனியே வளர்த்து உலகறியச் செய்தார். கிருமி நஞ்சொன்றைச் சுரக்கின்றது என்று கொக் கருதினார். ஆனால் அந்நஞ்சை எவராலும் எடுத்துக் காட்ட முடியவில்லை. எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் வங்காளத்துச் சிற்றூரொன்றிற் பிறந்த சம்புநாத் தே. கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலே, வசதி குறைந்த ஆய்வுகூடத்தில், எளியதொரு சோதனையை அவர் செய்தார். பிறர் கிருமியின் சாற்றை விலங்குகளின் இரத்தத்திற் செலுத்தி ஏமாந்திருந்தனர். வாந்திபேதியோ குடலின் நோய். ஆதலின் தே அவர்கள் முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, கிருமிகளை வடிகட்டி நீக்கிய வெறுஞ் சாற்றை அதனுட் செலுத்தினார். கிருமி ஒன்றேனும் இல்லாதிருந்தும் குடல் நீரால் நிறைந்து புடைத்தது. நோயை விளைப்பது கிருமி சுரக்கும் நஞ்சே என்பது ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று. 1959ஆம் ஆண்டிலே "நேச்சர்" என்னும் அறிவியல் இதழில் அக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று.

நஞ்சு செய்யும் தொழில்

அதன்பின் ஆராய்ச்சியாளர் அந்நஞ்சின் அமைப்பையும் தொழிலையும் படிப்படியாக அறிந்தனர். அஃது ஆறு துண்டுகள் சேர்ந்த ஒரு புரதம். ஐந்து துண்டுகள் குடற்கலத்தின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். ஆறாவது கலத்தினுட் புகும். கலத்தினுள்ளே, வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடும் ஒரு மூலக்கூற்றுத் திருகி உண்டு. நஞ்சு அத்திருகியைத் திறந்த நிலையிலே பூட்டிவிடும். குளோரைட்டு என்னும் உப்புக் கூறு ஓயாது குடலினுள்ளே கொட்டும், சோடியம் அதனைத் தொடரும், நீரும் பின்செல்லும்.

உப்புச் சென்றவிடத்து நீர் ஏன் செல்லவேண்டும்? கருவாடு போடும் நம் தீவகத்து மக்களுக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. மீனின்மேல் உப்பைத் தடவினால் மீனினுள் இருந்த நீர் வெளியே கசிகின்றதன்றோ? உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் நகரும் என்பது இயற்கை விதி. கருவாட்டுப் பாடத்திலே நிகழ்வதே கோதாரி கண்டவன் குடலிலும் நிகழ்கின்றது. கொடிய நோயிலே ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் நீர்கூட இழக்கப்படலாம். உடம்பு அதனைத் தாங்குமா?

மூடாத கதவு

உண்ட உணவும் பருகிய நீரும் உடம்பு தானே சுரக்கும் சாறுகளுமாக, நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது லீற்றர் நீர் நம் குடலினூடு செல்கின்றது. அதில் ஏறத்தாழ முழுவதையும் குடற்கலங்கள் மீட்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. நோயிலே சுரப்புப் பன்மடங்காகின்றது. வெறும் நீரையும் உப்பையும் கொடுத்தாலோ போதிய அளவு உறிஞ்சப்படுவதில்லை. குடலே பாழாயிற்று, இனி வாயாற் கொடுப்பதிற் பயனில்லை என்றே மருத்துவர் நெடுங்காலம் எண்ணினர்.

1960ஆம் ஆண்டிலே பிராக் நகரில் நடந்த ஆராய்ச்சி மாநாட்டிலே, அமெரிக்கரான றொபேட் கிறேன் ஒரு கருத்தை வெளியிட்டார். அவர் வாந்திபேதியை ஆராய்ந்தவர் அல்லர். குடற்கலம் சீனிச் சத்தாகிய குளுக்கோசை எவ்வாறு உள்ளெடுக்கின்றது என்பதே அவர் வினா. குளுக்கோசு தனியே உட்செல்வதில்லை, சோடியத்தோடு சேர்ந்தே செல்கின்றது என அவர் கண்டார். கலத்தின் சுவரிலே இதற்கென ஒரு காவிப் புரதம் உண்டு.

நம் குறிகட்டுவான் துறையைக் கொண்டே இதனை விளக்கலாம். துறையிலே ஒரு வள்ளம் நிற்கின்றது என்று கொள்வோம். அவ்வள்ளத்தில் மூன்றே இருக்கைகள்: இரண்டு சோடியத்துக்கு, ஒன்று குளுக்கோசுக்கு. மூவரும் ஏறினாலன்றி வள்ளம் அக்கரை செல்லாது. சோடியம் எத்துணை பேர் துறையிற் காத்துநின்றாலும், குளுக்கோசு வராவிடின் பயணம் இல்லை. வள்ளம் அக்கரை சேரின், நீரும் உடன் சேரும்.

இங்கேதான் உயிர்காக்கும் உண்மை மறைந்திருந்தது. வாந்திபேதி நஞ்சு ஒரு திருகியைத் திறந்து பூட்டியதே தவிர, இந்த வள்ளத்தை உடைக்கவில்லை. நோயின் உச்சத்திலும் அது துறையிலே பழுதின்றி நின்றது. உப்புநீரோடு அளவான சீனியையும் சேர்த்துப் பருகக் கொடுத்தால், இழக்கும் நீரைக் குடல் வழியாகவே மீட்டும் உடம்பிற் சேர்க்கலாம்.

ஆய்வுகூடத்திலிருந்து அகதி முகாமுக்கு

உண்மை அறிந்தவுடனே மருந்து வந்துவிடவில்லை. மணிலாவிலே 1962ஆம் ஆண்டு றொபேட் பிலிப்ஸ் என்னும் மருத்துவர் இத்தகைய கரைசலைக் கொடுத்துப் பார்த்தார். கலவையின் செறிவும் கொடுக்கும் அளவும் செவ்வனே அறியப்படாமையால் அம்முயற்சியிற் சிலர் உயிரிழந்தனர். அளவே மருந்து என்னும் பாடம் பெருவிலை கொடுத்துக் கற்கப்பட்டது. பின்னர் 1968இல், அக்காலக் கிழக்குப் பாகிஸ்தானின் டாக்கா நகரிலே, டேவிட் நாலின், றிச்சேட் காஷ் என்னும் இளம் மருத்துவர் இருவர், நோயாளி இழக்கும் நீரை அளந்து, அதற்கீடாகக் கரைசலைப் பருகக் கொடுத்தனர். நாளத்திற் செலுத்தவேண்டிய நீரின் தேவை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. கல்கத்தாவிலும் அதே காலத்தில் ஒத்த ஆராய்ச்சிகள் நடந்தன.

ஆயினும் மருத்துவ உலகம் தயங்கியது. சீனியும் உப்பும் மருந்தாகுமா என்ற ஏளனம் ஒருபுறம். தேர்ந்த மருத்துவர் அருகிலில்லாமல் இதனைக் கொடுக்கலாமா என்ற அச்சம் மறுபுறம். அத்தயக்கத்தை உடைத்தது ஒரு பேரிடர். 1971ஆம் ஆண்டுப் போரினால் இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்துக்கு ஓடிவந்தனர். பொங்காவ் என்னும் எல்லைப்புற ஊரின் வைத்தியசாலையில் வாந்திபேதி நோயாளர் நிலமெங்கும் கிடந்தனர். நாளத்திற் செலுத்தும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. அப்போது மருத்துவர் திலீப் மகாலனபிஸ் துணிந்து ஒரு முடிவு செய்தார். லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்னும் கணக்கிற் பொதிகள் கட்டுவித்தார். குழாய் பொருத்திய பீப்பாய்களிலே கரைசல் ஆக்கப்பட்டது. தாயரும் உடன்பிறந்தாரும் அதனைக் கிண்ணங்களில் ஏந்திச் சென்று தத்தம் நோயாளருக்குப் பருக்கினர். முன்னர் நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு, கரைசல் பருகியோரிடையே நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது.

1978ஆம் ஆண்டிலே இலண்டன் "லான்செற்" இதழ், குடலிலே சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே செல்கின்றன என்ற கண்டுபிடிப்பை, அந்நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவ முன்னேற்றமாகவும் கருதத்தக்கது என்று போற்றியது. இம்மருந்து காத்த உயிர்கள் 5 கோடிக்கு மேற்பட்டவை எனக் கணிப்பிடப்பட்டுள்ளது. நம் நாட்டிலே "ஜீவனி" என்ற பெயரில் வைத்தியசாலைகளிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் பொதி இக்கரைசலுக்குரியதே.

அதே வாயில், வேறு நோய்

ஒரு மூலக்கூற்றின் இயல்பை அறிந்தமையால் விளையும் பயன் ஒன்றோடு முடிவதில்லை. குடலிலே உள்ள அவ்வள்ளத்துக்கு உடன்பிறந்தாள் ஒருத்தி சிறுநீரகத்தில் உண்டு. இரத்தம் வடிகட்டப்படும்போது வெளிச்செல்லும் சீனியின் பெரும்பகுதியை மீட்டு இரத்தத்திற் சேர்ப்பது அவள் தொழில். நீரிழிவு கண்டவர்க்கு இத்தொழிலே கேடாகின்றது. மிகுந்த சீனி மேலும் மிகுகின்றது.

அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835ஆம் ஆண்டிலே எடுக்கப்பட்ட புளோரிசின் என்னும் பொருள், சீனியைச் சிறுநீரிற் கழியச் செய்யும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. ஆனால் அது குடலின் வள்ளத்தையும் நிறுத்தி வயிற்றோட்டம் விளைப்பது, ஆதலின் மருந்தாகவில்லை. 1987ஆம் ஆண்டிலே குடல் வள்ளத்தின் மரபுக் குறிப்பை ஏணஸ்ற் றைற் என்பவரின் குழுவினர் பிரித்தறிந்தனர். அப்புரதம் எவ்வெவ் வரிசையில் அமைந்தது என்பது எழுத்தெண்ணிப் படிப்பது போல் தெளிவாயிற்று. மனிதரில் அது 664 அமினோ அமிலங்களாலான ஒரு தொடர். சிறுநீரகத்து உடன்பிறப்பும் பின்னர் அறியப்பட்டது. குடலைத் தொடாது சிறுநீரகத்து வாயிலை மட்டும் அடைக்கும் மருந்துகளை ஆக்குவதற்கு இவ்வறிவு துணையாயிற்று. 2012ஆம் ஆண்டு முதல் டபகிளிபுளோசின் முதலிய மருந்துகள் நீரிழிவுக்கு வழங்கப்படுகின்றன. இதயத் தளர்ச்சிக்கும் சிறுநீரக நோய்க்கும் அவை பயன்படுகின்றன. வாயிலைப் பயன்படுத்தினால் ஒரு நோய்க்கு மருந்து. அதன் இனமான வாயிலை அடைத்தால் மற்றொரு நோய்க்கு மருந்து. கலத்தை அறியாதார்க்கு இவ்விரு நோய்க்கும் தொடர்புண்டு எனக் கனவிலும் தோன்றியிராது.

நம் தீவகத்துக்கு இதனாலாய பயன்

இவ்வறிவு நமக்கு வெறும் ஏட்டறிவன்று. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடலே வழி. சோழகம் மிகுந்து கடல் கொந்தளிக்கும் நாளிலே நெடுந்தீவிற் குழந்தையொன்றுக்கு வயிற்றோட்டம் கண்டால், யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி எத்துணைத் தொலைவு என்பதை அத்தாயே அறிவாள். நன்னீர் அரிதான இடங்களிலும், திருவிழாக் காலங்களிலே பெருங்கூட்டம் கூடுமிடங்களிலும் வயிற்று நோய் பரவுதல் எளிது. உலகிலே இன்றும் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வயிற்றோட்டத்தால் இறக்கின்றனர். ஆதலின் ஒவ்வொரு வீட்டாரும் பின்வருவனவற்றை மனத்திருத்துதல் நன்று.

வயிற்றோட்டம் கண்டவர்க்கு நீர் கொடுத்தால் நோய் கூடும் என்பது பிழையான எண்ணம். நீரை மறுப்பதே உயிருக்கு இறுதி. ஜீவனிப் பொதி இருப்பின், பொதியிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிலே முழுப் பொதியையும் கரைத்துக் கொடுக்க. பொதி கிடையாதவிடத்து, ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனியும், மட்டமாக வழித்த அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். கரைசல் கண்ணீரினும் உவர்க்கலாகாது. சீனி கூடினாலும் தீங்கே. குடலினுள்ளே நீரை அதுவும் இழுக்கும். இனிப்புச் சோடா ஆகாமை இதனாலென்க. இளநீர் நல்லதாயினும் அதிற் சோடியம் குறைவாதலின் கரைசலுக்கு ஈடாகாது. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்திருத்தலாகாது. ஒவ்வொரு முறை வயிறு போனபின்னும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றரும், அதற்கு மூத்த பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றரும் சிறிது சிறிதாகப் பருக்குக. வாந்தி எடுப்பின் பத்து நிமிடம் பொறுத்து மீட்டும் மெல்லக் கொடுக்க. தாய்ப்பாலை நிறுத்தற்க.

கண் குழிதல், சிறுநீர் நின்றுபோதல், மயக்கம், பருக முடியாமை, மலத்தில் இரத்தம் என்பவற்றுள் ஒன்று காணினும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. வழியிலும், வள்ளத்திலும், கரைசல் பருக்குதலை விடலாகாது. கரைசல் உயிரைப் பிடித்துவைக்கும். மருத்துவரின் இடத்தை அது நிரப்பாது.

உப்பிட்ட கஞ்சியை நோயாளருக்குக் கொடுத்த நம் பாட்டிமாரின் வழக்கத்திலும் உண்மை இருந்தது. சோற்று மா குடலிலே குளுக்கோசாக மாறும் என்பதை இன்று அறிகின்றோம். ஆயின், அதுகொண்டு எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே எனத் தருக்குதல் முறையன்று. கஞ்சி இருந்த ஊரிலேதான் கோதாரியும் இருந்தது. கஞ்சி ஏன் உதவுகின்றது, எவ்வளவு உப்பு, எவ்வளவு நீர், எத்துணை முறை என்பவற்றை அறிந்த பின்னரே அது மருந்தாயிற்று. அனுபவம் வழியைக் காட்டும். காரணம் அறிந்தாலன்றி அளவு தெரியாது.

மாணவர்க்கு ஒரு சொல்

இவ்வரலாற்றிலே நம் மாணவர் கருதத்தக்கன இரண்டு. முதலாவது, பயன் கருதாது தொடங்கிய ஆராய்ச்சியும் பெரும்பயன் தரும் என்பது. சீனி குடலில் எவ்வாறு ஏறுகின்றது என வினவிய கிறேன், அகதி முகாமைக் கனவு கண்டாரல்லர். இரண்டாவது, பெரிய கருவிகளினும் நேரிய வினாவே பெரிது என்பது. சம்புநாத் தே அவர்களிடம் இருந்தவை முயலும், நூலும், வடிகட்டியுமே. 1978ஆம் ஆண்டிலே நோபல் நிறுவனத்தார் நடத்திய வாந்திபேதி பற்றிய கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். 1985இல் மறைந்தார். அவர் பணிக்குரிய சிறப்பைத் தாய்நாடு அவர் வாழ்நாளிற் செய்யவில்லை. மகாலனபிஸ் அவர்களுக்குப் பத்ம விபூஷண் விருது 2023இல், அவர் மறைந்த அடுத்த ஆண்டிலேயே, அளிக்கப்பட்டது.

நம் கல்லூரியின் அறிவியற் கூடங்களிலே நுணுக்குக்காட்டியூடு வெங்காயத் தோலின் கலத்தை முதன்முதலாகக் காணும் மாணவன், அதனைப் பரீட்சைக்குரிய படமாக மட்டும் கொள்ளாதிருப்பானாக. அச்சிறு கட்டத்தின் சுவரிலே கதவுகள் உள்ளன. அவற்றுட் பல இன்னும் ஆராயப்படாதவை. பழைய மாணவராகிய மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தாங்கள் கற்றதைத் தீவகத்துத் தாயொருத்திக்கு விளங்கும் தமிழிலே சொல்லுக, எழுதுக. மானிப்பாயிலே அந்நியர் ஒருவர் அதனைச் செய்து காட்டிய மண் இது. அறிந்ததை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தாலன்றோ கோதாரி என்பது வெறுஞ் சொல்லாகவே நிலைக்கும்.